மூன்றாவது டக்

என் மனுசன் றொபேட் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என்னைப் பார்க்கவில்லை. கோபத்தில் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், சாட்சிகள் உயிரோடு இருக்கிறார்கள். கேற்றைத் தாண்டியதும் அப்பாவின் பழைய ஒஸ்டின் காரைக் கண்டார். "அங்கிள், இது ரெண்டாம் கியருக்குப் போகேக்க கத்துமெல்லே?" என்று கேட்டார். அப்பா ஓம் என்றார். நான் தேநீர்த் தட்டோடு வெளியே வந்தபோது காருக்கு அடியிலிருந்து இரண்டு சப்பாத்துகள் நீட்டிக்கொண்டிருந்தன. "தேத்தண்ணி" என்றேன். "அப்பிடியே கீழ வையுங்கோ" என்று சப்பாத்துகள் சொல்லின.

அதற்கு முன் வந்த மூன்று மாப்பிள்ளைகளும் என்னை வடிவாகப் பார்த்தவர்கள். சின்ன வயதில் கொதிதண்ணீர் ஊற்றுப்பட்டு என் இடக் கன்னம் கழுத்துவரை சுருங்கிப் போயிருக்கிறது. மூன்று பேரும் அந்தக் கன்னத்தோடுதான் கதைத்தார்கள். பிறகு யோசித்துச் சொல்கிறோம் என்று தரகரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் போல. நாலாவதாக வந்த சப்பாத்துகளுக்கு யோசனை எதுவும் தேவைப்படவில்லை. காரின் கத்தலை நிற்பாட்டின, கை கழுவாமல் பலகாரம் சாப்பிட்டன, சம்மதம் என்று சொல்லிவிட்டுப் போயின. "காருக்குச் சம்மதமோ, பெட்டைக்குச் சம்மதமோ?" என்று அம்மா அன்று கேட்டார். இருபத்திரண்டு வருசமாகிறது, எனக்கும் விடை தெரியாது.

இவர் மனிசரின் முகத்தைப் பார்ப்பதில்லை. கோயிலில் பூசை வைக்கும் பாதரின் பெயர் இவருக்குத் தெரியாது, அவருடைய மோட்டார் சைக்கிளின் சங்கிலி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியும். யாழ்ப்பாணத்தில் கம்பஸில் படிக்கும் மகள் லீவுக்கு வந்து இறங்கினால், பிள்ளை மெலிந்துபோனாளா என்று நான் பார்ப்பேன், இவர் அவளை இறக்கிவிட்டுப் போகும் பஸ்ஸின் புகையைப் பார்ப்பார். ஒருமுறை நான் தலைமயிரைத் தோளுக்கு மேலே வெட்டிக்கொண்டு வந்தேன். பதினொரு நாளுக்குப் பிறகு, "வீட்டில ஏதோ மாறின மாதிரிக் கிடக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சுவருக்குச் சந்தோசமாயிருந்திருக்கும்.

டவுனில், ஓர்ஸ் ஹில் மேட்டில் எங்கள் வீட்டோடு ஒட்டித்தான் கராஜ். வாசலில் நிமிர்ந்து நின்றால் உள்துறைமுகம் முழுவதும் தெரியும். பெரிய கப்பல் வந்தால் அயலட்டைச் சனம் எங்கள் கேற்றடியில் வந்து நின்று பார்க்கும். இவர் நிமிர்ந்தால்தானே. தம்பலகாமத்து உழவு இயந்திரங்கள், நெல் ஏற்றும் லொறிகள், கல் ஏற்றும் டிப்பர்கள், எதற்குக் கியர்பெட்டி சரியில்லை என்றாலும் இங்கேதான் வரும். எங்கள் பக்கம் மெக்கானிக்கைப் பாஸ் என்று கூப்பிடுவார்கள். றொபேட் பாஸ் தொட்டால் கியர் வெண்ணெய் மாதிரி விழும் என்று ஊருக்குள் ஒரு பேச்சு. பேச்சு பொய்யில்லை. அதனால் வந்த வினைதான் நான் சொல்லப்போகும் கதை.

முப்பது வருச வேலையில் இவர் கண்டுபிடித்த வேதம் இரண்டே சொல்: இழுத்தா வரும். கழற்றிய கியர்பெட்டியை எஞ்சினோடு திரும்பச் சேர்க்கும்போது சிலவேளை ஒரு விரலளவு இடைவெளி மிஞ்சும். மற்றவர்கள் கழற்றி, எது தடுக்கிறது என்று பார்ப்பார்கள். இவர் நீளப் போல்ட்டுகளைச் சுற்றிவரப் போட்டு ஒவ்வொன்றாக இறுக்குவார். பெட்டி முனகிக்கொண்டு வந்து சேரும். உழவு இயந்திரத்தின் பெட்டிக்கு யானைத்தோல், அது தாங்கும். அந்தத் தைரியத்தில் எங்கள் படுக்கையறை அலுமாரியின் கோணிய கதவையும் அப்படியே இழுத்துப் பூட்டினார். கதவு நேராக நின்றது. ஆனால் இன்றைக்கும் இவருடைய பெரிய ஸ்குறூட்றைவர் இல்லாமல் என் சேலையை நான் எடுக்க ஏலாது.

நான் கணித ஆசிரியை. தம்பலகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். டவுனிலிருந்து நாங்கள் ஆறு டீச்சர்மார் தினமும் கஜீபனின் வானில் போய்வருவோம். கஜீபன் தம்பலகாமத்துக்காரர், நாற்பது வயது. விடிய டவுன் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்குவார், திரும்பிப் போகும்போது எங்களை ஏற்றுவார், பின்னேரம் அதையே தலைகீழாகச் செய்வார். வழியில் யானை நின்றால் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, "ஐயா போகட்டும்" என்று பொறுமையாக இருப்பார். வீட்டில் இரண்டு பசு. வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்கு ஒரு சட்டி தயிர் வரும்.

அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. நீளக் காற்சட்டைக்குள் செயற்கைக் கால், நடையில் சின்ன இழுப்பு. எப்படிப் போனது என்று கேட்காத ஆள் இல்லை. என்னோடு வரும் ஐந்து டீச்சர்மாரும் கேட்டார்கள், ஐந்து பேருக்கும் ஐந்து கதை சொன்னார். ஒருத்திக்கு முதலை, ஒருத்திக்கு ரயில், ஒருத்திக்கு மின்னல். மின்னல் கதையை நம்பியவள் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். சாதாரண வானில் இடது காலால் கிளச்சை மிதிக்க வேண்டும், அது அவருக்கு ஏலாது. அதனால்தான் தேடித்திரிந்து ஒட்டோ கியர் வான் வாங்கினார். அதில் கிளச் செய்யும் வேலையை டோர்க் கொன்வேட்டர் என்ற ஒரு இரும்பு உருண்டை செய்கிறது. எண்ணெய் நிரம்பிய, பூசணிக்காயளவு சாமான். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்து சுற்றும். சுருக்கமாகச் சொன்னால், கஜீபனின் இடது கால் அதுதான்.

இவருக்கோ அந்தப் பூசணியைக் கண்ணில் காட்டக்கூடாது. "இடது காலுக்கு வேலை குடுக்கப் பஞ்சிப்பட்ட ஆக்கள் வாங்கிற வண்டி" என்று சோம்பேறிப் பட்டம் கட்டுவார், அதுவும் கஜீபனை வைத்துக்கொண்டே. இரண்டு வருசமாக எண்ணெய் மாற்ற, பிரேக் பார்க்க என்று அவர் வரும்போதெல்லாம் இதே பாட்டு. முதல்முறை கேட்டபோது எனக்கு நிலத்துக்குள் புதைந்து போகலாம் போலிருந்தது. குசினிக்குள் கூப்பிட்டு, "உங்களுக்கு மனச்சாட்சி இருக்கோ?" என்று கேட்டேன். "உண்மையைச் சொன்னா என்ன?" என்றார். கஜீபன் வெளியே கதிரையில் இருந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருசம் இரண்டாம் தவணை தொடங்கி ஒரு வாரத்தில் வானின் கியர்பெட்டி செத்துவிட்டது. கஜீபன் கொழும்பிலிருந்து பாவித்த பெட்டி ஒன்று, பூசணியோடு சேர்த்து, எடுப்பித்தார். ஒரு சனிக்கிழமை இவர் பூட்டத் தொடங்கினார். அந்தச் சனிக்கிழமையின் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. திங்கள் பிள்ளைகளுக்குச் சோதனை. கால்மணித்தியாலத்துக்கு ஒருதரம் கராஜ் வாசலில் போய் நின்று, "இன்னும் முடியேல்லையோ?" என்று அரித்தெடுத்தேன். இவர் பூசணியைப் பெட்டியின் தண்டில் ஏற்றி ஒரு திருகு திருகினார். டக் என்றது. இன்னொரு திருகு, இன்னொரு டக். "சரி" என்றார். பெட்டியை எஞ்சினோடு சேர்த்தபோது விரலளவு இடைவெளி நின்றது. வேதம் கையிலிருக்கப் பயமென்ன? நீளப் போல்ட்டுகள் வந்தன, இழுத்தார்.

உள்ளே ஏதோ கிறக் என்றது. இவருடைய கை நின்றது. "என்ன சத்தம்?" என்று கேட்டேன். "இரும்பெண்டாச் சத்தம் போடும்தானே" என்றார். கஜீபன் கதிரையில் இருந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் உடனே வேலை செய்தது, ஆனால் எந்தக் கியரில் போட்டாலும் வான் ஒரு அங்குலம் அசையவில்லை. கீழே நாய்க்குட்டி அழுவது போல ஒரு ஊளை மட்டும் கேட்டது. இவர் பெட்டியைத் திரும்ப இறக்கி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே கனநேரம் பார்த்தார். பிறகு சொன்னார், "பெட்டி பழுது தம்பி. கொழும்பில ஏமாத்திப் போட்டாங்கள்."

கஜீபன் "ஓம் பாஸ்" என்றார்.

பிறகு மூன்று வாரம் நாங்கள் ஆறு பேரும் பஸ்ஸில் தொங்கினோம். வெள்ளிக்கிழமைத் தயிர் நின்றது. இரண்டாவது பெட்டிக்காக இரண்டு பசுவும் போய்விட்டன என்று அதிலிருந்துதான் விளங்கியது. மூன்றாவது வாரம் நிப்றாஸ் என்ற இன்னொரு வான்காரர் எங்களுடைய வட்ஸ்அப் குழுவுக்குச் செய்தி போட்டார். அவரிடம் இரண்டு வான் இருக்கின்றன, வருகிற திங்களிலிருந்து எங்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றத் தயார். நிப்றாஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல மனிசன். கஜீபனுக்கும் ஃபோன் எடுத்து, தன் வானை ஓட வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார். கஜீபன் நன்றி சொல்லி மறுத்துவிட்டார், இரண்டும் கிளச் வான். டீச்சர்மார் கூடி முடிவெடுத்தோம்: திங்கள் விடிய கஜீபனின் வான் வந்தால் கஜீபன், வராவிட்டால் நிப்றாஸ். ஒருதரம் நிப்றாஸிடம் போனால் ஒருவரும் திரும்பி வரமாட்டோம் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளும் போய்விட்டால் கஜீபனுக்கு இந்த மாவட்டத்தில் ஓட்டமில்லை, வேறு வண்டி ஓட்டவும் காலில்லை.

இதை இவரிடம் சொன்னேன். "ஏன், நிப்றாஸின்ர வானை ஓடலாமே, சும்மா பெருமை பாக்கிறார்" என்றார். அன்று இவருக்குச் சோறு நான் போடவில்லை, தானே போட்டுச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கலண்டர் கொழுவ ஆணி தேடிக் கராஜுக்குள் போனேன். மேல்தட்டில் ஒரு பால்மாப் பேணி. உள்ளே ஆணி இல்லை. பழைய சேட்டுத் துணியில் சுற்றி, புனிதப் பண்டம் போல ஒரு இரும்பு வளையம், இரண்டாக வெடித்தபடி. பூசணியின் கழுத்து போய்ப் பொருந்தும் பம்பின் பல்வளையம் அது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் இருபத்திரண்டு வருசம் கராஜுக்குப் பக்கத்தில் சமைத்தவளுக்கு, பழைய வெடிப்புக்கும் புது வெடிப்புக்கும் வித்தியாசம் தெரியும். துருப்பிடிக்காமல் பளபளவென்றிருந்தது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், என் மனுசன் பால்மாப் பேணிக்குள் மறைத்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பேணியால் இவருடைய மண்டையில் போட்டிருப்பேன். போடவில்லை. எறிந்துவிடாமல் துணியில் சுற்றி வைத்திருந்தாரே, அது என்னைத் தடுத்தது.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டாவது பெட்டி வந்தது. அதன் முதுகில் ஆங்கிலத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதை உரித்து, மேலே இவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்திருந்தார். பெட்டியின் வாய் மேலே பார்க்க நிமிர்த்தி வைத்து, பூசணியை ஏற்றி, திருகினார். டக். டக். "சரி" என்றார். கஜீபன் அதே கதிரையில் இருந்தார், இந்தமுறை ஃபோனைப் பார்க்கவில்லை. நான் கோப்பையைத் தூக்கிவிட்டுத் தாளை எடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, இதில மூண்டு தரம் இறங்கவேணும் எண்டு போட்டிருக்கு. முதல்ல உள்ளுக்கு எண்ணெய் விட்டு, பிறகு மெல்லச் சுத்திச் சுத்தி இறக்கட்டாம். ரெண்டு தண்டில, மூண்டாவது பம்பில."

"எழுதினவனை வந்து பூட்டச் சொல்லும்."

"எழுதினவன் இஞ்ச இல்லை. உங்கட பூசணி எவ்வளவு பதிஞ்சிருக்கு?"

"காணும்."

"காணும் எண்டது எத்தினை மில்லிமீற்றர்?"

"நிரோ, நீர் போய் உம்மட பிள்ளையளுக்குக் கணக்குப் படிப்பியும்."

"கணக்குத்தான் இது. பெட்டியின்ர விளிம்பில இருந்து பத்தொன்பது மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாதாம். குறைஞ்சா எஞ்சினோட சேக்க வேண்டாமாம், இழுத்துப் பூட்டவே கூடாதாம்."

இழுத்துப் பூட்டவே கூடாது என்று தாளில் தடித்த எழுத்தில் இருந்தது. இவரை மனதில் வைத்துத்தான் எங்கேயோ ஒருவன் தட்டச்சு செய்திருக்கிறான். நான் உள்ளே போய்ப் பள்ளிக்கூடத்து ஒரு மீற்றர் மர அடிமட்டத்தையும் என் சின்ன அடிமட்டத்தையும் எடுத்துவந்தேன். பெரியதைப் பெட்டியின் வாய்க்குக் குறுக்கே வைத்தேன். சின்னதை அதிலிருந்து கீழே, பூசணியின் போல்ட் பூட்டும் இடம்வரை இறக்கினேன்.

"ஒன்பது" என்றேன்.

"உம்மட தடி கோணல்."

"இந்தத் தடியால இருபது வருசம் நேர்கோடு கீறினனான்."

"விசர்க் கதை கதையாதையும். பத்து மில்லிமீற்றர் ஒரு சாமானே? இழுத்தா வரும்." நீளப் போல்ட்டுகள் இருந்த தட்டை இவர் காலால் கிட்ட இழுத்தார்.

அப்போது நான் பால்மாப் பேணியைக் கொண்டுவந்து அந்தத் தட்டுக்குள், போல்ட்டுகளுக்கு மேலே வைத்தேன். மூடியைத் திறக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை, என் வாய்க்கு அது நாற்பது நாள் தபசு. கஜீபன் பேணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு முற்றத்துக் கறிவேப்பிலை மரத்தைப் பார்த்தார். இவர் பேணியையே பார்த்துக்கொண்டு நின்றார். காதுமடல் சிவந்தது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, போல்ட்டுத் தட்டைச் சுவரோடு தள்ளிவிட்டு, நிலத்தில் குந்தினார்.

பூசணியைத் திரும்ப வெளியே தூக்கினார். சிவப்பு எண்ணெய் ஒரு லீற்றர் உள்ளே விட்டார். ஏற்றினார். டக். டக். பிறகு ஒன்றுமில்லை. சுற்றினார், நிற்பாட்டினார், எதிர்ப்பக்கம் சுற்றினார். கஜீபன் கதிரையை முன்னுக்கு இழுத்துப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கால்மணித்தியாலம் போனது. "அந்த ரேடியோவை நிப்பாட்டும்" என்றார் இவர். நிற்பாட்டினேன். பூசணியின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, அமத்தாமல், கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார். மகள் பிறந்த கிழமை அவளை இப்படித்தான் தூக்கினார், எங்கே பிடிப்பதென்று தெரியாமல். எனக்குத் திட்டவும் மனம் வரவில்லை.

டக்.

பெரிய சத்தமில்லை. ஆனால் பூசணி கண்ணுக்குத் தெரியக் கீழே இறங்கியது. நான் அடிமட்டத்தை வைத்தேன்.

"இருபது."

"திரும்ப அளவும்" என்றார். இருபத்திரண்டு வருசத்தில் என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னது அதுதான் முதல்தடவை. வேறு இடத்தில் வைத்து அளந்தேன், இருபதுதான்.

பெட்டியைச் சரிக்கும்போது பூசணி முன்னுக்கு வழுக்கி வந்துவிடக்கூடாது, வந்தால் மூன்றாவது டக் வீணாய்ப் போகும். அதனால் பள்ளிக்கூடத்து அடிமட்டத்தையே வாய்க்குக் குறுக்கே வைத்துக் கம்பியால் கட்டினார். அரசாங்கச் சொத்து, நான் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கும் ஜக்கில் ஏற்றி எஞ்சினுக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கம்பியை அவிழ்த்தார். பழக்கதோசத்தில் கை நீளப் போல்ட்டைத் தேடியது. தேவைப்படவில்லை. தோளால் ஒரு தள்ளு, பெட்டி முழுவதும் போய் ஒட்டிக்கொண்டது, நகம் போகவும் இடமில்லை. கீழ் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பூசணியைச் சுற்றினார். லேசாகச் சுற்றியது. எஞ்சினுக்கும் அதற்கும் இடையில் மெல்லிய இடைவெளி இருந்தது, தாளில் சொன்னபடி. அதை முன்னுக்கு இழுத்துவந்து போல்ட் போட்டார். "இழுக்காமலே வந்திட்டுது" என்று வானுக்குக் கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. யாருக்குச் சொன்னாரோ தெரியாது.

வெயில் தாழ, கஜீபன் ஏறி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார். ஊளை இல்லை. பின் கியரில் போட்டார். வான் சத்தமில்லாமல் பின்னுக்கு வந்து என் செவ்வரத்தைப் பூச்சாடியை உடைத்தது. அந்தச் சாடி உடைந்ததில் எனக்கு வந்த சந்தோசம், அதை வாங்கிய நாளிலும் வரவில்லை. கஜீபன் எஞ்சினை நிற்பாட்டிவிட்டுக் கொஞ்சநேரம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார்.

அவர் இறங்கியபோது இவர் பேணியோடு போய் முன்னால் நின்றார். கண் வழக்கம்போல ஆளில் இல்லை, இடப்பக்கப் பின் டயரில்.

"தம்பி, முதல் பெட்டி பழுதில்லை. நான்தான் இழுத்து உடைச்சனான். உமக்குப் பொய் சொன்னனான்."

இவர் ஊருக்குள் கட்டிவைத்த முப்பது வருசப் பேர் அந்தப் பேணிக்குள் இருந்தது. கஜீபன் வளையத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

"தெரியும் பாஸ். அண்டைக்கு அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. ஃபோன்ல ஒண்டும் இருக்கேல்லை, சும்மா பாத்துக்கொண்டிருந்தனான். இண்டைக்கு இதையும் உடைச்சிருந்தா உங்கட மண்டையை உடைச்சிருப்பன்."

"ஓம்" என்றார் இவர். "பசு ரெண்டும் நான் வாங்கித் தாறன்."

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு படியை விட்டுவிட்டு விடைக்குப் போகும் கணக்கை நான் ஒருநாளும் சரி போட்டதில்லை. "தெரிஞ்சும் ஏன் கஜீபன் ரெண்டாவதையும் இஞ்சதான் கொண்டந்தனீர்? ஊரில வேற கராஜ் இல்லையோ?"

அவர் சாடியின் துண்டுகளைச் செருப்பால் ஒதுக்கினார்.

"இருக்கு டீச்சர். எல்லாத்துக்கும் போயிருக்கிறன். போனவுடன காலைப் பாப்பினம். பிறகு பாவம் எண்டுவினம். பிறகு என்ன நடந்தது எண்டு கேப்பினம். அதெல்லாம் முடிஞ்சாப் பிறகுதான் வானைப் பாக்கிறது. பாஸ் முதல் நாளே நேர வானுக்குக் கீழ பூந்தவர். பஞ்சி பிடிச்சவன் எண்டு என்னைப் பேசினவர். காலிருக்கிற ஆக்களைப் பேசிற மாதிரி என்னை ஒருத்தரும் பேசினதில்லை."

இவர் டயரிலிருந்து கண்ணை எடுத்தார். கஜீபனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ஏன், உமக்குக் காலில என்ன?"

கஜீபன் இடது காற்சட்டையை மெல்ல உயர்த்திக் காட்டினார். இவர் குனிந்து பார்த்தார். பிறகு மண்ணில் இருந்துவிட்டார். இரண்டு வருசமாகத் தான் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்திருக்க வேண்டும், உதடு அசைந்துகொண்டிருந்தது. "பஞ்சியெண்டு..." என்று தொடங்கினார், முடிக்கவில்லை. கஜீபன் சிரிக்கத் தொடங்கினார், முன்பு கதிரையில் இருந்து சிரித்த அதே சிரிப்பு. எல்லாருக்கும் ஒவ்வொரு கதை வைத்திருந்த மனிசன், கதை தேவைப்படாத ஒரே ஆளிடம் இவ்வளவு நாளும் வந்து போயிருக்கிறார். பெருந்தன்மையாவது மண்ணாவது.

பசு ஒன்று போன கிழமை வாங்கிக் கொடுத்தாயிற்று, மற்றதைத் தேடுகிறார். தம்பலகாமத்தில் பசு பார்க்கப் போன இடத்தில் முகத்தைப் பார்க்காமல் நேரே வயிற்றுக்குக் கீழே குனிந்தாராம். இவர் பார்க்கும் முறை சரியாக வந்தது வாழ்க்கையில் அந்த ஒரு இடத்தில்தான்.

வான் ஓடிய அந்தச் சனிக்கிழமை, கஜீபன் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் முற்றத்தில் நின்றோம். எனக்கு அப்பாவின் காருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த சப்பாத்துகள் ஞாபகம் வந்தன. மூன்று பேர் கன்னத்தைப் பார்த்து முடித்த வீட்டில், அந்தத் தேத்தண்ணித் தட்டை நிலத்தில் வைத்தபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாயிருந்தது என்று இருபத்திரண்டு வருசத்தில் ஒருதரமாவது சொல்லியிருக்கிறேனா? குறையாகத்தான் சொல்லித் திரிந்தேன், ஊர் முழுக்க. வெட்கமாயிருந்தது. இடக் கன்னத்தை இவர் பக்கம் திருப்பினேன்.

"இஞ்சேருங்கோ, என்ர கன்னத்தில என்ன இருக்கு எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

நிமிர்ந்து, கிட்ட வந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"கிறீஸ்" என்றார். இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்து, அமத்தாமல், பூசணியைச் சுற்றியது போல மெல்லத் துடைத்தார். துணியிலிருந்த கிறீஸெல்லாம் என் கன்னத்துக்கு வந்தது.

திங்கட்கிழமை ஆறேகாலுக்குக் கஜீபனின் வான் வந்து கேற்றடியில் ஹோர்ன் அடித்தது. அலுமாரி திறக்கவில்லை, நான் ஐந்து நிமிடம் பிந்தித்தான் போனேன்.